அரசுப் பள்ளிக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, யாரிடம் கேட்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளிக்குப் பணம் இல்லை என்று பொதுவாகப் பேசினால் எதுவும் நகராது. எந்தத் தலைப்பில், எந்த அலுவலகத்தில், எந்தக் கட்டத்தில் பணம் நிற்கிறது என்று தெரிந்து கேட்டால் பல நேரம் நகரும்.

எங்கள் ஊர்ப் பள்ளி யார் பணத்தில் நடக்கிறது?

பெரும்பகுதி மாநில அரசின் பணம். 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகும் சம்பளச் சுமை மாநிலத்தின் தோளில்தான் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 44,042 கோடி. இது மானியக் கோரிக்கை (துறைவாரியாகச் சட்டமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் செலவுக் கணக்கு) எண் 43-இல் வரும். கணக்குத் தலைப்பு 2202 என்றால் நடப்புச் செலவு, 4202 என்றால் கட்டடம் போன்ற மூலதனச் செலவு.

ஆனால் எல்லாப் பள்ளிச் செலவும் எண் 43-க்குள் அடங்காது. சத்துணவு சமூக நலத் துறையில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலத் துறையில். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களுக்கான பணத்தில் ஒரு பகுதி ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து வருகிறது. ஒரே ஆவணத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று முடிவுகட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அப்படியானால் மத்திய அரசு கொடுப்பது என்ன?

முக்கியமானது ‘சமக்ர சிக்‌ஷா’ எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். முன்பிருந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் (எஸ்.எஸ்.ஏ.), இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் மூன்றையும் 2018-19-இல் ஒன்றாக்கினார்கள். பள்ளிகளில் இன்னும் ‘எஸ்.எஸ்.ஏ. பணம்’ என்றுதான் பேச்சு. பங்கீடு 60:40, மத்திய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90:10.

2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் மத்தியப் பங்கு 2,152 கோடி, மாநிலப் பங்கு 1,434 கோடி. மொத்தக் கல்விச் செலவோடு ஒப்பிட்டால் மத்தியப் பங்கு சிறிதுதான். ஆனால் சிறப்பாசிரியர் சம்பளம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சேவை, பள்ளி மானியம், ஆசிரியர் பயிற்சி, போக்குவரத்துப் படி எல்லாம் இதற்குள் வருவதால், நின்றுபோனால் வலி வகுப்பறையில் உடனே தெரியும்.

2024-25-இல் அந்தப் பணம் நிறுத்தப்பட்டதே, ஏன்?

மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக நிறைவேற்றச் சொல்கிறது, மும்மொழி உள்ளிட்டவற்றை ஏற்க முடியாது என்பது மாநிலத்தின் நிலை. மத்திய அரசு சமக்ர சிக்‌ஷா தவணைகளை விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தரவேண்டிய தொகையைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது.

அரசியலில் எந்தப் பக்கம் நின்றாலும் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் உரிமையாகக் கொடுத்ததைத் திட்டப் பணத்தின் வழியாக அனுப்பினால், திட்டத்தின் நிபந்தனைகள் அந்த உரிமையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கல்வி உரிமைச் சட்டம் 7-ஆவது பிரிவு, செலவுக்கான பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் சேர்ந்தது என்கிறது. யார், எப்போது, எவ்வளவு என்பதைத் திட்ட விதிகளே முடிவு செய்கின்றன. அந்த இடைவெளியில் குழந்தைகள் சிக்கிக்கொள்கிறார்கள்.

வருமான வரியோடு கல்வி செஸ் கட்டுகிறோமே, அது எங்கே போகிறது?

செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக வரியின் மேல் வசூலிக்கும் கூடுதல் வரி. கல்வி செஸ் 2004-இல் 2 சதவீதமாகத் தொடங்கி, 2007-இல் இன்னொரு 1 சதவீதம் சேர்ந்து, 2018-19 முதல் ‘சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்’ என்று 4 சதவீதமாக இருக்கிறது. மத்திய வரி வருவாயில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பகிர வேண்டும் என்பது 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரை. செஸ் அந்தப் பகிர்வுத் தொகுப்பிலேயே வராது. ஆகவே நீங்கள் கட்டும் கல்வி செஸ் மாநிலத்துக்கு நேரடிப் பங்காக வருவதில்லை. மத்தியத் திட்டங்களின் வழியாகத்தான், நிபந்தனையோடு வரும்.

6 சதவீதம் என்று எப்போதும் சொல்கிறார்களே?

1964-66-இல் செயல்பட்ட கோத்தாரி குழுவின் பரிந்துரை அது: தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு. 2020 கொள்கையும் அதையே மீண்டும் சொல்கிறது. இந்தியா இன்னும் அதை எட்டவில்லை. அந்த 6 சதவீதம் உயர்கல்வியையும் சேர்த்தது. மத்திய, மாநில அரசுகளின் மொத்தச் செலவைக் குறிப்பது. ‘மத்திய பட்ஜெட்டில் 6 சதவீதம்’ என்று எழுதுவது பிழை.

இவ்வளவு கோடி ஒதுக்கியும் பள்ளியில் சாக்பீஸ் வாங்கப் பணம் இல்லையே, ஏன்?

பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. இதை வீண் செலவாகப் பார்க்கக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் பள்ளி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 14,40,000. பள்ளியில் 18 குழந்தைகள் இருந்தால் ஒரு குழந்தைக்கு 80,000. 60 குழந்தைகள் இருந்தால் 24,000. ஆசிரியர் அதேதான், சம்பளம் அதேதான். ‘அரசு ஒரு குழந்தைக்கு இவ்வளவு செலவு செய்கிறது, தனியார் பள்ளிக் கட்டணம் அதைவிடக் குறைவு’ என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த வகுத்தலை மறந்துவிடுகிறார்கள். மலைக் கிராமத்துக்கும் கடலோரக் குப்பத்துக்கும் பள்ளி வேண்டுமென்றால் தலைக்குச் செலவு கூடத்தான் செய்யும்.

சம்பளம் போன பின் அன்றாடச் செலவுக்குப் பள்ளியின் கையில் நேரடியாக வருவது பள்ளி மானியம்தான். அது சிறியது, தாமதமாகவும் வருகிறது.

பள்ளி மானியம் எவ்வளவு?

சமக்ர சிக்‌ஷா விதிப்படி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1,00,000. இவை உச்சவரம்பு. குறைவாக ஒப்புதலாகும் ஆண்டும் உண்டு, ஒரே தவணையில் வராமல் பாதிப் பாதியாக வருவதும் உண்டு.

30-க்கும் 31-க்கும் நடுவே 15,000 ரூபாய் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். நாடு முழுவதற்குமான பள்ளி விவரப் பதிவேடான யுடைஸுக்கு அடிப்படைத் தேதி செப்டம்பர் 30. அன்றைய எண்ணிக்கைதான் அடுத்த திட்ட ஆண்டுக்கு உங்கள் பள்ளி எந்த மானியப் படிநிலையில் வரும் என்பதைத் தீர்மானிக்கும். மாநிலத்தின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் இன்னொரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்படாமல் கிடக்கும் குழந்தை உங்கள் பதிவேட்டில் இருந்தாலும் கணக்கில் வராது. ஆகஸ்டிலேயே வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட்டு, விடுபட்டவற்றுக்குப் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் பதிவை முடிக்கச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு மானியம் தனி: தொடக்கப்பள்ளிக்கு 5,000 வரை, நடுநிலைக்கு 10,000 வரை, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை. நூலக மானியம் பள்ளியின் நிலைக்கேற்ப 5,000 முதல் 20,000 வரை.

பள்ளி மானியத்தில் என்ன வாங்கலாம்?

மின்கட்டணம், குடிநீர், எழுதுபொருள், உடைந்த தாழ்ப்பாள், குழாய், மின்விசிறி பழுது, ஆய்வகச் சிறுபொருள், கழிப்பறைச் சாமான் வாங்கலாம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். புதுக் கட்டடம் கட்டவோ, சம்பளம் கொடுக்கவோ, விழா நடத்தவோ கூடாது.

25,000 ரூபாயில் கூரையைச் சரிசெய்யப் புறப்படுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாதி வேலையில் பணம் தீர்ந்துவிடும், கூரை அப்படியே ஒழுகும். அதே பணத்தில் இரண்டு கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும் கதவும் போட்டிருந்தால் பெண் குழந்தைகள் ஆண்டு முழுக்கப் பயன்பெறுவார்கள். எங்கள் கருத்தில் பள்ளி மானியத்துக்கு முதல் உரிமை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும்தான்.

ஜூனில் பள்ளி திறக்கிறது, மானியம் பிப்ரவரியில் வருகிறது. இந்தத் தாமதம் எங்கே?

பள்ளித் தேவைகள் மாவட்ட, மாநிலத் திட்டமாகத் தொகுக்கப்பட்டு டெல்லிக்குப் போகும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் கூடி முடிவு செய்ய வேண்டும். பிறகு மத்தியப் பங்கு மாநிலக் கருவூலத்துக்கு வரும். மாநிலம் தன் 40-ஐச் சேர்த்து, திட்டத்துக்கென இருக்கும் ஒற்றை மைய வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். 2021 ஜூலை முதல் நடைமுறையான விதிப்படி மத்திய அரசு ஒரு நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்காது. ஏற்கெனவே விடுத்ததில், இரண்டு பங்கும் சேர்த்து, 75 சதவீதம் செலவானால்தான் அடுத்த தவணை.

அந்த 75 சதவீதம் மாநிலம் முழுவதற்குமான கணக்கு. உங்கள் பள்ளி முழுவதையும் செலவழித்துக் கணக்கு முடித்திருந்தாலும், வேறு மாவட்டங்களில் பணம் தேங்கினால் உங்கள் அடுத்த தவணையும் தாமதமாகும். தாமதமாக வருவதால் மெதுவாகச் செலவாகிறது, மெதுவாகச் செலவாவதால் அடுத்தது தாமதமாகிறது. கடைசியில் எல்லாம் மார்ச்சில் வந்து குவிகிறது.

மார்ச் அவசரத்தில் நடப்பது என்ன என்பதும் தெரிந்ததே. எது தேவை என்பதை விட்டுவிட்டு எது உடனே கிடைக்கும் என்று வாங்குவார்கள். அதற்கு மருந்து ஒன்றுதான்: பணம் வருமுன்பே, நவம்பரிலேயே, மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பொருள் பட்டியலும் விலைப்புள்ளியும் தயாராக வைத்திருங்கள். பணம் வந்த வாரமே செலுத்திவிடலாம்.

கணக்கில் எப்போதும் பூஜ்யம்தான் காட்டுகிறது. பணம் வந்ததா இல்லையா?

பள்ளியின் திட்டக் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. பணம் மைய வங்கிக் கணக்கிலேயே இருக்கும். உங்களுக்கு வருவது செலவு வரம்பு மட்டும். நீங்கள் அரசின் நிதி மேலாண்மைத் தளமான பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் கடைக்காரருக்குப் பணம் செலுத்த உத்தரவு போட்டால், அந்தத் தொகை மையக் கணக்கிலிருந்து நேராக அவர் கணக்குக்குப் போகும். ஆகவே பாஸ்புக்கைப் பார்க்காமல் இணையதளத்தில் வரம்பைப் பாருங்கள். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு போய்விடும். அடுத்த ஆண்டு தானாகத் திரும்பி வராது.

பெரும்பாலும் எங்கே சிக்குகிறது என்றால், கடைக்காரரின் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயருக்கும் பில்லில் இருக்கும் கடைப் பெயருக்கும் பொருத்தம் இருக்காது. வங்கிகள் இணைந்தபின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது தெரியாமல் பழையதைப் போட்டிருப்பார்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார், ஓ.டி.பி. இன்னும் அவருடைய கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். பதிவு செய்பவர் தன் வேலையை முடித்திருப்பார், ஒப்புதல் தருபவர் உள்நுழைவில் அது காத்துக் கிடக்கும். அச்சிட்ட செலுத்தாணையில் குழுத் தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு, அதன் செல்லுபடிக் காலத்துக்குள் வங்கியில் கொடுத்திருக்க மாட்டார்கள். மார்ச் 28-இல் கண்டுபிடித்தால் இவற்றில் எதையும் சரிசெய்ய முடியாது. புதிய தலைமையாசிரியர் வந்த வாரமே கைப்பேசி எண்ணையும் கையெழுத்து மாதிரியையும் மாற்றிவிட வேண்டும். முதலில் ஒரு சிறிய தொகையை அனுப்பிப் பார்ப்பதும் நல்லது.

கூரை ஒழுகுகிறது. யாரிடம் கேட்பது?

முதலில் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். அரசு உயர்நிலை, மேல்நிலைப்பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பொதுப்பணித் துறைக்கு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் அந்த ஆணையரிடம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மட்டும் மனு கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருக்கும் குழுக்கள் உண்டு. அந்த மனு போக வேண்டிய இடத்துக்குப் போகவேயில்லை.

மனுவில் கட்டடம் கட்டிய ஆண்டு, வகுப்பறை எண்ணிக்கை, அங்கே உட்காரும் மாணவர் எண்ணிக்கை, விரிசலும் கம்பி தெரியும் இடமும் காட்டும் தேதியிட்ட படங்கள், குழுத் தீர்மான நகல் இருக்க வேண்டும். பொறியாளரின் மதிப்பீடு இல்லாத கோரிக்கை எந்தத் திட்டத்திலும் ஏறாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது பணமல்ல, மதிப்பீடு. அது கையில் இருந்தால் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடனுதவி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிதி என்று எதில் இடம் இருக்கிறதோ அதில் சேர்க்கலாம். சுற்றுச்சுவருக்கு ஊரக வேலைத் திட்டத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கட்டடம் ஆபத்தானது என்றால் வகுப்பை அன்றே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், மதிப்பீடு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சத்துணவுப் பணம் இதில் சேராதா?

சேராது. மத்தியத் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், 6 முதல் 8 வரை 150 கிராம் அரிசி. காய்கறி, பருப்பு, எண்ணெய், எரிபொருள் போன்றவற்றுக்கான தொகை 2025 மே முதல் முறையே 6.78 ரூபாய், 10.17 ரூபாய். அதுவும் 60:40. மத்தியத் திட்டம் 8-ஆம் வகுப்போடு நிற்கிறது. தமிழ்நாட்டில் 9, 10 வகுப்புகளுக்கும் சத்துணவு உண்டு, அது முழுக்க மாநிலச் செலவு. முட்டையும் காலை உணவும் அப்படியே. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலப் பணத்தில் நடப்பது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது?

அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. மீதியைப் பெற்றோரிடம் வாங்கக் கூடாது. அரசிடம் இலவச நிலமோ சலுகையோ பெற்று, அதற்காக ஏற்கெனவே இலவச இடம் தரக் கடமைப்பட்ட பள்ளிக்கு அந்த அளவுக்குத் திருப்பிச் செலுத்தல் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது.

பள்ளியில் நன்கொடை கேட்கலாமா?

சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கேட்கவே கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவில், வாங்கிய தொகையைப் போல 10 மடங்கு வரை அபராதம். ஊரார், முன்னாள் மாணவர் விரும்பிக் கொடுப்பது வேறு. அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. கையில் ரொக்கமாக வாங்குவதைத் தவிருங்கள். பொருளாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் அன்றே ஏற்றுங்கள்.

மேலாண்மைக் குழு உறுப்பினர் எதையெல்லாம் பார்க்கலாம்?

பயன்பாட்டுச் சான்று (மானியம் எதற்குச் செலவானது என்று பள்ளி எழுதிக் கொடுக்கும் சான்று), பில்கள், இருப்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருப்பதே, மானியம் எப்படிச் செலவாகிறது என்று அவர்கள் கண்காணிக்கத்தான். பயன்பாட்டுச் சான்றில் கையெழுத்திடும் முன் அதில் உள்ள பொருள் பள்ளியில் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். எழுதாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்லும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி. மூன்றாண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுவாரியாகத் துணைத் திட்டம். வகுப்புவாரியாக எதிர்பார்க்கும் சேர்க்கை, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டட, தளவாடத் தேவை, அதற்கான தொகை. ‘போதிய வசதி வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘6-ஆம் வகுப்பு, 42 மாணவர், பெஞ்சு 9, இன்னும் தேவை 5’ என்று எழுதுங்கள். டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பின் மாவட்டத் தொகுப்பு முடிந்துவிடும். ஒரு நகலைக் கிராம சபையிலும் வைத்துத் தீர்மானமாக்குங்கள்.

கேட்டும் கணக்குக் காட்டவில்லை என்றால்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். ‘ஏன் செலவு செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் என்பது ஆவணமாக இருக்காது, பதிலும் வராது. நிதியாண்டைக் குறிப்பிட்டு, பள்ளியின் யுடைஸ் எண் 11 இலக்கத்தையும் எழுதி, விடுவிக்கப்பட்ட தொகை, விடுவித்த தேதி, செலுத்தாணை நகல்கள், பில் நகல்கள், பயன்பாட்டுச் சான்று நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அந்த முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை.